ஓரம் போகும் பெல்ட்

“ஞாயித்துக்கெழம ஊட்டுக்கு வந்துரு கண்ணு, நிதானமாப் பேசிக்கலாம்” என்று முதலாளி திருமூர்த்தி சொன்னதை நம்பித்தான் வேல்விழி சர்டிபிகேட் ஃபைலைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். அருள்புரத்தில் இருக்கிற அவருடைய பனியன் யூனிட்டுக்கு மெஷின்களைப் பராமரிக்க இன்னொரு ஆள் வேண்டும். அவள் மெக்கானிக்கல் படித்தவள், வீட்டின் முதல் பட்டதாரி. இருந்தும் அதே யூனிட்டில் செக்கிங் மேசையில் நின்று பிசிறு வெட்டிக்கொண்டிருக்கிறாள். அங்கேயே ஓவர்லாக் தைக்கிற அவளுடைய அப்பா சுடலை, கிளம்பும்போதே கெஞ்சினார்.

“ஏ பிள்ள, அங்க போயி வாயை மட்டும் மூடிக்கிட்டு இரு. மொதலாளி நல்ல மனுசன்.”

நல்ல மனுசன்தான். ‘கண்ணு’ போடாமல் பேசவே மாட்டார். கண்ணு, அடுத்த மாசம் பாக்கலாம். கண்ணு, ஆடி போகட்டும். ஆடி போய் ஆவணியும் போய்விட்டது.

“வா கண்ணு. ஃபைலை அப்பிடி வெய்யி. மொதல்ல இதைக் கொஞ்சம் பாத்துரு.”

ஹால் மூலையில் டிரெட்மில், கைப்பிடியில் ஈரத் துண்டு. முதலாளியம்மாவுக்குச் சர்க்கரை, டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார்.

“ஏறுனா வெடுக்குனு நிக்குது சாமி, அப்பறம் வழுக்கிட்டு ஓடுது. நேத்து கம்பியப் புடிக்கலீன்னா என்ற மூஞ்சி செவுத்துல போயிருக்கும்” என்றார் அந்தம்மா.

வேல்விழிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு, பிளக்கைப் பிடுங்கிவிட்டு பெல்ட்டுக்கு அடியில் கையை விட்டாள். கொழகொழவென்று வந்தது. மோந்து பார்க்கவே வேண்டாம், யூனிட்டில் தினமும் சட்டையில் ஒட்டிக்கொண்டு வரும் வாடை.

“ஓவர்லாக் ஆயிலை யாரு சார் இதுல ஊத்துனது?”

“நம்ம சீனிச்சாமிதான். எல்லாம் ஓடற மெஷின்தானேன்னு ஊத்துனான். வழுக்குதுன்னு சொன்னதும் பின்னாடி போல்ட்ட நல்லா இறுக்கி உட்டான்.”

வழுக்குகிற எண்ணெயை அவனே ஊற்றிவிட்டு, வழுக்குகிறதே என்று அவனே இறுக்கியிருக்கிறான். மோட்டார் முக்காமல் என்ன செய்யும்? யூனிட்டின் அத்தனை மெஷினும் இவன் கையில்தான். முதலாளிக்கு ஒன்றுவிட்ட மச்சினன், வேறு சர்டிபிகேட் எதற்கு?

டிரெட்மில் வாங்கும்போது வந்த பை பிரிக்காமலே அதன் காலில் கட்டிக் கிடந்தது. உள்ளே திருகுகிற சாவி, சின்ன பாட்டிலில் சிலிக்கான் ஆயில். அவள் போல்ட்டைத் தளர்த்தி, பனியன் வேஸ்ட் துணியால் பெல்ட்டுக்கு அடியில் இருந்த பலகையைத் துடைத்துத் துடைத்து எடுத்தாள். சிலிக்கானை அளவாக விட்டு, இரண்டு பக்கமும் ஒரேபோல இறுக்கி, மெதுவாக ஓடவிட்டாள். பெல்ட் வலப்பக்கம் நகர்ந்தது. வலது போல்ட்டைக் கால் திருகு கொடுத்ததும் நடுவுக்கு வந்தது.

முதலாளி ஏறி நடந்து பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. வேல்விழி தரையில் கன்னத்தை வைத்துப் படுத்து, பின் உருளையைப் பார்த்தபடியே கேட்டாள்.

“சார், வேலை விஷயம்?”

“யோசிச்சேன் கண்ணு. சீனிச்சாமி இருக்கறப்ப உன்னையப் போட்டா, பசங்க மதிப்பானுகளா? அதுவும் ஒரு பொம்பளப்புள்ள மெஷினுக்கடியில படுத்துக் கெடந்தா நல்லாவா இருக்கும்?”

“இப்ப எங்க சார் படுத்துக் கெடக்கேன்?”

“இது ஊடு கண்ணு. யூனிட்டு வேற. நீ மாசம் ஒருக்கா வந்து இதைப் பாத்துட்டுப் போ.”

அவள் எழுந்தாள். பட்டனை அமுக்கி அவரை இறங்கச் சொன்னாள். ஆபத்துக்கு நிறுத்துகிற சிவப்புச் சாவியை உருவி முதலாளியம்மா கையில் வைத்தாள்.

“ஆள் ஏறி நடந்ததும் பெல்ட் மறுபடி ஓரம் போகும். இப்பவே எடப்பக்கம் போயிருக்கு, பாருங்க. இன்னும் ஒரு திருகு பாக்கி இருக்கு. அதுவரைக்கும் இதைப் போடாதீங்கம்மா.”

“அதையும் திருகிட்டுப் போயிரு கண்ணு” என்றார் திருமூர்த்தி.

“நான் செக்கிங்தான சார். மெஷின் பாக்கற ஆளைக் கூப்பிடுங்க.”

“ஏனுங்க, அந்தப் புள்ளைக்கே வேலையக் குடுத்தா என்னங்க?” என்று அந்தம்மா புருசனைப் பார்த்தார். “கீழ உழுகப்போறது நானுங்க.”

திருமூர்த்தி துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

வெளியே வந்து வண்டியை எடுக்கும்போதுதான் பார்த்தாள். யாரும் திறக்காத ஃபைலின் மேல் அவள் கட்டைவிரல் அளவுக்கு ஓவர்லாக் ஆயில் கறை. துப்பட்டாவால் தேய்த்தாள். இன்னும் அகலமானதுதான் மிச்சம். போன் அடித்தது, அப்பா.

“என்ன பிள்ள, பேசியாச்சா? வாயை மூடிக்கிட்டு இருந்தியா?”

“இல்ல” என்றாள்.