கோள்சொல்லி விளக்கு

அக்காவின் கார் பட்டறை வாசலில் வந்து நின்ற விதமே சரியில்லை. நின்றது என்று சொல்வதைவிட, மூச்சிரைத்து உட்கார்ந்துவிட்டது என்று சொல்லலாம்.

"மேட்டுல ஏறவே மாட்டேங்குதுடா. மிதிச்சா உறுமுது, நகர மாட்டேங்குது. பின்னால வந்த லாரிக்காரன் ஹாரனை அடிச்சே என் மானத்தை வாங்கிட்டான்" என்றபடி இறங்கினாள் அக்கா. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மருத்துவமனையில், தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தலைமை நர்ஸ். இரண்டு மணிக்கு டியூட்டி. இப்போதே மணி பதினொன்று.

"விளக்கு ஏதாச்சும் எரிஞ்சுதா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டான் மெக்கானிக் தம்பி.

"ஏழு மாசம் முன்னாடியே நீதானே அதைச் சரி பண்ணிக் குடுத்த? அப்புறம் எங்க எரியுது?"

திருடனுக்குத் தேள் கொட்டியது போல் ஆகிவிட்டது அவனுக்கு. கத்தவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது.

சரி பண்ணியதாவது! எஞ்சினுக்கும் சைலன்சருக்கும் நடுவில் ஒரு தகரப்பெட்டி உண்டு, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் என்று. உள்ளே தேன்கூடு மாதிரி கண்ணறைகள். எஞ்சின் விடும் நச்சுப்புகை அதன் வழியாகப் போய்ச் சுத்தமாகி வெளியே வரும். பெட்டிக்கு முன்னால் ஒரு சென்சார், பின்னால் ஒரு சென்சார். பெட்டி சரியாக வேலை செய்யாவிட்டால், பின்னால் இருப்பது கோள் சொல்லிவிடும். உடனே டிரைவர் கண்ணெதிரே மஞ்சள் விளக்கு எரியும். ஏழு மாதத்துக்கு முன் அக்கா, "இந்த விளக்கு கண்ணைக் குத்துதுடா, முதல்ல அதை அணை" என்று நச்சரித்தாள். அந்த வாரம் பட்டறையில் தலைக்கு மேல் வேலை. பெட்டி ஏன் கெட்டது என்று தேட நேரமில்லை. விரல் நீளக் குழாய் ஒன்றைச் செருகி, பின் சென்சாரைப் புகையிலிருந்து தள்ளி நிறுத்தினான். கோள்சொல்லியின் மூக்குக்கு எதுவும் எட்டவில்லை. விளக்கு அணைந்தது.

அக்கா வார்டு முழுக்கத் தம்பி புகழ் பாடினாள். நர்சுகள் அவனுக்கு 'கைராசி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயர் அவனுக்குப் பிடித்துப்போனதுதான் வினை.

இப்போது பாவி மனசு பழிபோட வேறு ஆளைத் தேடியது. ஏர் ஃபில்டரைக் கழற்றினான், சுத்தமாக இருந்தது. பெட்ரோல் அழுத்தத்தைப் பார்த்தான். குறை சொல்ல வழியில்லை. இருக்கிற இடத்தில் நிற்க முடியவில்லை. ஸ்பேனரை எடுத்தான், வைத்தான், மறுபடி எடுத்தான். அக்காவும் வாசலுக்கும் மேசைக்கும் நடையாய் நடந்தாள்.

கடைசியில் காரை லிஃப்டில் தூக்கி, ரப்பர் சுத்தியலால் பெட்டியை லேசாகத் தட்டினான். டப்பாவுக்குள் கூழாங்கல் போட்டுக் குலுக்கியது போல் சத்தம். முன் சென்சாரைக் கழற்றி, அந்த ஓட்டையில் அழுத்தமானியைப் பொருத்தி எஞ்சினை முறுக்கினான். அசையவே கூடாத முள் எகிறிக்கொண்டு போனது. தேன்கூடு நொறுங்கி அடைத்துக்கொண்டிருந்தது. புகை போக வழியில்லாமல் வண்டி எப்படி மலையேறும்?

ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவினான். நுனியில்கூட ஆயில் இல்லை. ஸ்பார்க் பிளக் ஒன்று கறுத்து, நசநசவென்றிருந்தது. எஞ்சின் மாதக்கணக்கில் ஆயிலைக் குடித்திருக்கிறது. அந்தப் புகைதான் பெட்டியைக் கொன்றிருக்கிறது. அன்றைக்கு விளக்கு அதைத்தான் சொல்ல வந்தது. அவன்தான் அதன் வாயைப் பொத்திவிட்டான்.

தப்பிக்க வழி இல்லாமலில்லை. பெட்டியை அறுத்து, தேன்கூட்டை இடித்துக் கொட்டிவிட்டு, மூடி வெல்டிங் வைத்தால் ஒரு மணி நேர வேலை. குழாய் ஏற்கெனவே இருக்கிறது, விளக்கு மூச்சுவிடாது. வண்டி மலையில் பறக்கும். அறுக்கும் மெஷின் கைக்கு வந்தேவிட்டது.

அக்கா வார்டோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். "அலாரம் அடிச்சா அணைச்சிட்டுப் போயிடாதீங்கம்மா. தொல்லைதான், எனக்கும் தெரியும். ஏன் அடிக்குதுன்னு பாருங்க. பார்த்துட்டு அப்புறம் அணைங்க."

மெக்கானிக் மெஷினைக் கீழே வைத்தான். வெட்கத்தில் காது சுட்டது. வண்டிக்கடியில் போய்க் குழாயைக் கழற்றி, அக்காவின் உள்ளங்கையில் வைத்து, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான்.

அக்கா அதைப் புரட்டிப் பார்த்தாள். "வார்டுப் பொண்ணுங்க ரெண்டு பேரைப் பின்னால ஏத்திக்கிட்டு, இதோடவா நான் தினமும் மலை ஏறி இறங்கினேன்?"

"ரெண்டு வாரத்துக்குன்னுதான் போட்டேன்க்கா. மறந்துட்டேன்."

"மறந்தியா, விட்டியா?"

"விட்டேன்."

அடித்திருந்தால்கூடத் தேவலை. அவள் அடிக்கவில்லை. அவனோ, புதுப் பெட்டி வர மூன்று நாள் ஆகும், அதற்கு முன் எஞ்சினைப் பிரித்து ஆயில் கசிவை அடைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, தன் வேன் சாவியை நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"என் பேச்சைக் கேட்டு எத்தனை பேர் உன்கிட்ட வண்டியை விட்டாங்க. எத்தனை பேருக்கு இதை மாட்டின?"

"நாலு பேருக்கு."

"போனை எடு."

"உனக்கு நேரமாகுதேக்கா. நீ கிளம்பு, நான் அப்புறமா…"

"அந்த அப்புறத்தைத்தான் ஏழு மாசமா பார்த்தாச்சே. எடுடா. நான் நிக்கிறேன்."

முதல் எண்ணை அழுத்தினான். இரவு டியூட்டி நர்ஸ் ஒருத்தி. அவளும் அதே மலைப்பாதையில் போய்வருகிறவள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"சொல்லுங்க கைராசி! வண்டி ஜோரா ஓடுது. நீங்க கை வெச்ச பிறகு விளக்கே எரியலை!"

"தெரியும்மா" என்றான். "அதுக்குத்தான் கூப்பிட்டேன்."

அவன் முழுக்கச் சொல்லி முடிக்கும்வரை அக்கா அசையவில்லை. பிறகு வேன் சாவியை அவன் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள். "இன்னும் மூணு பேர்" என்று சொல்லிவிட்டுப் போனாள். குழாயை மட்டும் திருப்பித் தரவில்லை.