அண்ணன் பக்கத்து டிஷ்

செல்போன் கோபுர உச்சியில், டிஷ்ஷின் பக்கத்தில், இடுப்புப் பட்டையில் தொங்கியபடி அவள் பல்லைக் கடித்தாள். மீட்டர் மைனஸ் அறுபது காட்டியது. கணக்குப்படி மைனஸ் நாற்பது வர வேண்டும். மைனஸுக்குப் பின்னால் வரும் எண் பெரிதாகப் பெரிதாகச் சிக்னல் மெலிவு. போன மாதம் வேறொரு கோபுரத்திலும் இதே கூத்துதான். மழை வந்ததும் இணைப்பு அறுந்து, பழி முழுக்க இவள் தலையில் விழுந்தது. இன்னொரு தடவை நடந்தால் வேலை இல்லை என்று ஆபீஸில் எழுதியே கொடுத்துவிட்டார்கள்.

போனில் மூன்று பேரும் ஒரே அழைப்பில் இருந்தார்கள்: மேலே இவள், கீழே அதிகாரி, பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி, இவள் டிஷ்ஷைப் பார்த்து நிற்கும் டிஷ் உள்ள எதிர்க் கோபுரத்தில் இவளுடைய அண்ணன்.

"லிங்க் வந்துடுச்சில்ல, போல்ட்ட இறுக்கிட்டு எறங்கும்மா," என்றார் அதிகாரி.

"வந்திருக்கிறது நொண்டி லிங்க் சார். மழை பேஞ்சா படுத்துடும்."

டிஷ் வீசும் அலையில் நடுவே ஒரு பெரிய கதிர், இரு பக்கமும் சோனியாகச் சில. சோனிக் கதிரில் மாட்டிக்கொண்டாலும் மீட்டர் ஏறி இறங்கி, இதுதான் உச்சம் என்று சத்தியம் செய்யும். அதனால் சிக்னல் செத்துப்போகும்வரை டிஷ்ஷை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்க்க வேண்டும். இவள் இரண்டு முறை பார்த்துவிட்டாள். இவள் பக்கம் சுத்தம்.

"அண்ணே, நீ முழுசா திருப்பிப் பாத்தியா?"

"அதெல்லாம் பாத்தாச்சு. எனக்கே பாடம் எடுக்கிறியா?"

"எந்தப் பக்கம் எவ்வளவு வந்துச்சு, சொல்லு."

கழுவுற மீனில் நழுவுற மீன் அவன்.

"நான் எறங்கி முக்கா மணி நேரம் ஆச்சு," என்றான் கடைசியில்.

"அப்ப மறுபடி ஏறு. நீ ஏறாம நான் எறங்க மாட்டேன்."

முனகிக்கொண்டே ஏறினான். திருப்பத் திருப்பச் சிக்னல் சரிந்து, அடியோடு செத்தது. கீழே அதிகாரி தலையில் கைவைத்தார். அப்புறம் மளமளவென்று ஏறி, மைனஸ் நாற்பத்தொன்றில் நின்றது.

அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. போன மாதமும் எதிர்ப்பக்கம் ஏறியவன் இவன்தான்.

"கடைசில சரி பண்ணிட்டியேம்மா," என்றார் அதிகாரி.

"இப்ப நான் கையே வைக்கல சார். தப்பு அண்ணன் பக்கம். போன மாசத்து டிஷ்ஷையும் போய்ப் பாருங்க. பாத்துட்டு, என் பேர்ல எழுதினத அடிங்க."

"ஏய், நான் உன் கூடப் பொறந்தவன்." அண்ணனின் குரல் இறங்கியிருந்தது.

"தெரியும். அதனாலதான் போன மாசம் உன் பக்கத்தப் பாக்கலாமான்னு ஆபீஸ்ல கேட்டப்ப, எங்கண்ணன் அப்படி விடமாட்டான்னு நான் சொன்னேன்."

அவள் போல்ட்டை இறுக்க ஆரம்பித்தாள்.