நாற்காலி ஏற்ற வந்த வண்டி

அடக்கத்துக்குப் போட்ட உடுப்போடு மார்லா வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தாள். பனி உருகிய சிவப்புச் சேறு முதுகில் அப்பியது. கியர்பெட்டியின் பக்கவாட்டில், ஓட்டுநரின் கியர் லிவரிலிருந்து இறங்கி வரும் கம்பியை விரலால் பிடித்து ஆட்டினாள். விழப்போகிற பல்லைப் போல ஆடியது. கம்பி நுழையும் ஓட்டையில் இருக்கவேண்டிய வளையம் தேய்ந்து, இருந்த சுவடே இல்லை.

போன வாரம் அவளுடைய அப்பா வெர்லின் மேல் ஏறிக் கொன்ற பிக்கப் இதுதான். இன்றைக்கு அவருடைய அடக்கத்துக்கு மடக்கு நாற்காலி சுமக்க வந்திருக்கிறது.

அனுப்பியவர் பண்ணை முதலாளி ஸ்டோவல். மீசை கறுத்திருந்த காலத்திலிருந்து வெர்லின் அவருக்கு வேலி அடித்தார், அவருடைய கன்றுகளுக்குச் சூடு போட்டார், அவருடைய வீட்டில் குடியிருந்தார். தேவாலயக் கூடத்தில் நாற்காலி போதாது என்று சமையல்கட்டுப் பெண்கள் சொன்னதும், பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்து வரட்டும் என்று ஸ்டோவல் பெரிய மனசோடு வண்டியைக் கொடுத்தார். எந்த வண்டி என்று அவருக்கு உறைக்கவில்லை. கழுவி வேறு அனுப்பியிருந்தார்.

சாப்பாட்டு நேரத்தில் அவர் பேசியதைக் கேட்டபிறகுதான் மார்லா வெளியே வந்தாள். பன்றித்தொடைக் கறியை வெட்டிக்கொண்டே, வெர்லின் தங்கமான ஆள், ஆனால் வயசு யாரை விட்டது, ரிவர்ஸில் விட்டுவிட்டு இறங்கியிருக்கிறான் பாவம் என்றார். சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள்.

வண்டியை நிறுத்தி வைக்கிற ‘பார்க்’ கியரில் போடாமல், ரிவர்ஸில் விட்டுவிட்டு இறங்கினாராம். வெர்லின் செத்தது மேய்ச்சல் நிலத்தில். ஸ்டார்ட்டர் சரியில்லாததால் எஞ்சினை ஓடவிட்டபடியே இறங்கி, வண்டி நிறையத் தீவன மூட்டையை இறக்கி, பின்கதவையும் சாத்தியிருக்கிறார். ரிவர்ஸில் இருந்த வண்டி அத்தனை மூட்டையும் இறங்கும் வரை கைகட்டிக்கொண்டா நின்றிருக்கும்? அங்கே ஒருத்தருக்கும் இது தெரியாமல் இல்லை. கேட்டால் ஸ்டோவலைக் கேட்டதாகிவிடும். பாதிப் பேருக்கு அவரிடம்தான் வேலை.

மழைக்காலம் முடிந்த சமயம் அப்பா தொலைபேசியில் சொன்னது மார்லாவுக்கு நன்றாக நினைவிருந்தது. “எஞ்சின் சூடாச்சுன்னா பார்க்ல நிக்க மாட்டேங்குது. லிவர் பார்க்னு காட்டுது, பெட்டிக்கு அது தெரியல. ஓங்கி ஒரு ஆட்டம் குடுத்தாப் போதும், ரிவர்ஸுக்குத் தாவுது.” சக்கரத்துக்குக் கட்டை வைத்தும் பார்த்திருக்கிறார், உறைந்த தரையில் கட்டை வழுக்கிக்கொண்டு ஓடியது. ஸ்டோவலிடம் சொன்னதற்கு அவர் தந்த பதில், “அப்ப கவனமா இரு வெர்லின்.”

மார்லா வண்டிக்கு அடியிலிருந்து உருண்டு எழுந்தாள். பள்ளிக்கூடத்தில் திருப்பிக் கொடுக்க, லோனி மிச்ச நாற்காலிகளை ஏற்றிக்கொண்டிருந்தான். அப்பாவோடு வேலை பார்த்தவன். ஒரு நடை போய் வந்திருந்தான், எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

“அணைக்காத லோனி.”

அவன் அவளுடைய முதுகையும் முகத்தையும் பார்த்தான். விலகி நின்றான். அவள் தேவாலயத்துப் பூப்பாத்தியிலிருந்து இரண்டு செங்கலைப் பிடுங்கி வந்து பின்சக்கரங்களுக்குப் பின்னால் மிதித்து இறுக்கினாள். பிறகு கூடத்துக்குள் போய், எல்லோர் எதிரிலும், ஒரு நிமிஷம் வாங்க என்று ஸ்டோவலைக் கூப்பிட்டாள். அவர் வந்தார். அவர் பின்னால் கூட்டமும் வந்தது.

“ஏம்மா மார்லா, உங்கப்பாவை இப்பதான் மண்ணுல வெச்சிருக்கோம்.”

“ஏறி நீங்களே பார்க்ல போடுங்க.”

சின்னப்பெண்ணின் அழுகையை அடக்குகிற பொறுமையோடு ஏறினார். லிவரை ரிவர்ஸுக்கும் பார்க்குக்கும் ஒருமுறை தள்ளிக் காட்டிவிட்டு, பார்க்கில் விட்டு இறங்கினார்.

மார்லா கதவை அறைந்தாள். வண்டி அசையவில்லை. திறந்து மறுபடி அறைந்தாள். அசையவில்லை. மூன்றாவது தடவை அறைந்தபோது கண்ணாடி மட்டும் கலகலத்தது. யாரோ ஒரு பெண், அவளை உள்ளே கூட்டிப் போங்களேன் என்றாள். சமையல்கட்டு வாசலில் மார்லாவின் அம்மா நடீன் ஈரத்துண்டோடு நின்றாள். மார்லாவுக்குக் காது கொதித்தது.

“பாத்தியா? வண்டிக்கு ஒண்ணுமில்ல,” என்றார் ஸ்டோவல், எல்லோருக்கும் கேட்கும்படி. “மறதி யாருக்கும் வரும். அதுல கேவலம் ஒண்ணுமில்ல. நடீனும் வீட்டை இப்பவே காலி பண்ண வேணாம், மேய்ச்சல் நிலத்துல புல் முளைக்கிற வரைக்கும் இருக்கட்டும்.”

பேச்சு முடிந்தது என்று காட்ட அவருக்கு ஏதாவது செய்யவேண்டியிருந்தது. வண்டியின் பின்னால் போனார். தொங்கிக்கொண்டிருந்த பின்கதவைத் தூக்கி, வலுவாக அறைந்து சாத்தினார்.

அடியில் டக்கென்று ஒரு சத்தம்.

வண்டி பின்னால் பாய்ந்தது. ஸ்டோவல் இரண்டடி தள்ளாடிச் சேற்றில் உட்கார்ந்தார். தொப்பி போய் எங்கோ விழுந்தது. சக்கரங்கள் செங்கல்மேல் ஏறப் பார்த்து, ஏற முடியாமல் அதை முட்டிக்கொண்டு உறுமின. பின்கதவுக்கும் அவருடைய முழங்காலுக்கும் நடுவே ஒரு ஆள் படுக்கிற இடம்கூட இல்லை.

லோனி ஓடிப்போய் ஜன்னல் வழியே கைவிட்டுச் சாவியைத் திருப்பினான். எஞ்சின் அடங்கியது. அவன் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்து, மற்றவர்களுக்கு வழிவிட்டான். ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். லிவர் பார்க்கிலேயே நின்றிருந்தது.

மார்லா தொப்பியைத் தேடி எடுத்து வந்து ஸ்டோவலின் மடியில் போட்டாள்.

“கவனமா இருங்க,” என்றாள்.

அவர் எழுந்திருக்க யாரும் கை கொடுக்கவில்லை.

லோனி பின்கதவை மெல்லத் திறந்தான். இரண்டு நாற்காலிகளை உருவி அக்குளில் இடுக்கிக்கொண்டு, வண்டியைத் திரும்பிப் பார்க்காமல் பள்ளிக்கூடத்தை நோக்கி நடக்கத் தொடங்கினான். இன்னொருவர் வந்து இரண்டு எடுத்தார். அப்புறம் இன்னொருவர். ஞாயிறு ஆராதனைக்குப் போடும் நல்ல சட்டையோடு ஸ்டோவலின் வேலையாட்கள் சாலையில் வரிசையாகப் போனார்கள். எதிர்க்காற்றில் நாற்காலிகள் தொடையில் இடித்தன.

நடீன் ஈரத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். வண்டியில் கடைசியாக ஒரு நாற்காலி கிடந்தது. மார்லா ஒரு பக்கம் பிடித்தாள், அவள் மறுபக்கம் பிடித்தாள்.