மட்கார்டில் மறுபடியும் துரு

ராஜபாண்டி எழுந்தான். பல் தேய்த்தான். குளியலறைக் குழாய் வழக்கம்போல முரண்டு பிடித்தது. துண்டைச் சுற்றித் திருகினான். குளித்தான். டீ போட்டான். ஒரு ஆளுக்குப் போதும் என்பது பாலை ஊற்றிய பிறகுதான் நினைவு வந்தது. அதே குழாயில் ஒரு வாளி போர்வெல் தண்ணீர் பிடித்துக்கொண்டு மாடிப்படிக்குக் கீழே போனான். அங்கே கவிழ்ந்து கிடந்த நீலக்குடத்தைக் காலால் ஒதுக்கிவிட்டு, புல்லட்டின் உறையை உருவினான்.

மட்கார்டில் மறுபடியும் துரு.

"சனியன்" என்றான், யாரிடம் என்றில்லாமல்.

வண்டி அவன் மனைவி பேச்சிச்செல்வியுடையது. ஏரல் பக்கம் வயல் வரப்பெல்லாம் அவள் அப்பா ஓட்டித் திரிந்த வண்டி. சாகும்போது மகனை விட்டுவிட்டு மகளுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள்தான் ஏரலுக்கு ஓட்டிக்கொண்டு போவாள். அவன் பின்னால் உட்கார்ந்திருப்பான். பொங்கல் கழிந்த மாதம், அடுப்படியில் சரிந்து விழுந்தாள். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். அவன் துறைமுகத்து அலுவலகத்தில் கண்டெய்னர் பேப்பர்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் இருந்தவரை வண்டியில் முகம் பார்க்கலாம். என்ன செய்தாள் என்று அவன் கவனித்ததில்லை. இப்போது அவன் தினமும் கழுவுகிறான், ஈரம் காயுமுன் உறை போட்டு மூடுகிறான். கழுவக் கழுவத் துரு கூடுகிறது.

ஊரே வைத்தியம் சொன்னது. மாடிவீட்டுப் பிலோமினா அக்கா, "புளியப் போட்டுத் தேய்ங்க தம்பி. எங்க மாதா கிரீடத்தப் பாருங்க, எப்படி மின்னுதுன்னு" என்றாள். மாதாவின் கிரீடம் பித்தளை என்று அவளிடம் சொல்ல முடியுமா? அலுவலகத்துச் சுந்தரராஜ் கோலாவை ஊற்றச் சொன்னான். ஊற்றினான், எறும்புதான் வந்தது. ஸ்பேர்பார்ட்ஸ் கடை கிருபாநிதி அண்ணாச்சி சிரித்தார். "முத்தையாபுரத்துல வீடு, சுத்தி உப்பளம். துரு வரக்கூடாதுன்னா எப்படில? கடலத் தூக்கி மதுரைல வச்சாத்தான் உண்டு."

கடைசியில் பரோட்டா பார்சல் வரும் வெள்ளித்தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேய்த்தான். அது கேட்டது. துரு பழுப்புக் குழம்பாக இறங்கி, அடியில் குரோம் பளிச்சென்று தெரிந்தது. அந்தக் குழம்பைப் போர் தண்ணீர் ஊற்றிக் கழுவினான். மறுநாள் பழையபடி.

இன்றைக்குப் பேச்சிச்செல்வியின் தம்பி செந்தூர்வேல் வருகிறான். போன வாரமே சொல்லிவிட்டான்: "எங்கப்பா வண்டி உப்புல கரையிறத பாத்துக்கிட்டு இருக்க முடியாது அத்தான். ஞாயித்துக்கெழமயும் இப்படியே கெடந்தா நான் ஏரலுக்குக் கொண்டுபோயிருவேன்." அவளுடைய சேலைகளை அவள் அம்மா எடுத்துப்போயிருந்தாள். வளையலும் போயாயிற்று. மிச்சம் இந்த வண்டிதான்.

துருவைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் லோடு ஆட்டோ வந்து நின்றது.

"வா மாப்ள."

செந்தூர்வேல் குனிந்து மட்கார்டைத் தடவினான். விரலைத் திருப்பிக் காட்டினான். பழுப்பு.

"என்னத்தான் இது?"

"இப்பத்தான் தேய்க்கேன்."

"நீங்க தேய்ச்சுத் தேய்ச்சே வண்டி பாதியாப் போச்சு. டிகிரி படிச்சிருக்கிய, ஒரு வண்டியத் தொடைக்கத் தெரியலயே."

"கடக்காத்துல. நான் என்ன செய்ய?"

"அக்கா இருக்கும்போது கடல் என்ன லீவுலயா போயிருந்துச்சு?"

ராஜபாண்டி வெள்ளித்தாளை வீசியெறிந்தான். "கொண்டு போ. எல்லாத்தையும் கொண்டு போ."

செந்தூர்வேலின் முகம் சுருங்கியது. விரலைக் கழுவ உள்ளே போனான். குளியலறையிலிருந்து சத்தம் கேட்டது. "அத்தான், இந்தப் பைப்பு திறக்கவே மாட்டேங்கு! இதுலயும் துருவால்லா இருக்கு. இங்கனயும் கடக்காத்தா அடிக்கி?"

ராஜபாண்டி எழுந்து போய்ப் பார்த்தான். தினமும் பார்க்கிற குழாய்தான். மூடிய அறை, ஜன்னல்கூடக் கிடையாது. குழாயின் குரோமில் வெள்ளைப் பொருக்கு. பொருக்குக்கு அடியில் அதே பழுப்புப் புள்ளிகள். பொருக்கைச் சுரண்டி நாக்கில் வைத்தான்.

கரித்தது.

அடுப்படிக்குப் போய், குடிக்கப் பிடித்து வைத்திருந்த மாநகராட்சித் தண்ணீரைக் குடத்தோடு தூக்கி வந்தான். மட்கார்டில் ஊற்றி ஊற்றித் துடைத்தான். துணி ஈரமானதும் வேறு துணி. ஈரம் போனபின் உள்ளங்கையில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விட்டு மெல்லத் தடவினான். உறையைக் கொடியில் காயப்போட்டான்.

"குடிக்கிற தண்ணியல்லா அது?" என்றான் செந்தூர்வேல்.

"உங்க ஆத்துத் தண்ணி. தாமிரபரணி. வண்டி எதுக்கு ஏரலுக்குப் போவணும்? ஏரல் தண்ணிதான் இங்கன வருதே. நான் இத்தன நாளும் உப்பக் கரைச்சு ஊத்திருக்கேன் மாப்ள."

செந்தூர்வேல் வண்டியைச் சுற்றி வந்தான். குழி விழுந்த இடங்கள் இனி மாறாது. அது இருவருக்கும் தெரிந்தது. வாசலுக்குப் போய் லோடு ஆட்டோக்காரரிடம் ஏதோ சொன்னான். ஆட்டோ திரும்பியது.

"அடுத்த மாசம் வந்து பாப்பேன்."

"பாரு."

"இத அக்கா உங்ககிட்ட சொல்லவே இல்லயா?"

ராஜபாண்டி நீலக்குடத்தை நிமிர்த்தி வைத்தான். எழவு வீட்டில் எல்லாரும் கேட்டார்கள், கடைசியாக என்ன சொன்னாள் என்று. ஒன்றும் சொல்லவில்லை என்றுதான் சொல்லியிருந்தான். அவ்வளவு அழுகைக்கு நடுவே சொல்லக்கூடிய பேச்சாக அது இல்லை. அன்று காலை அவன் செருப்பை மாட்டும்போது, அடுப்படியிலிருந்து தலையை மட்டும் நீட்டிச் சொன்னாள்:

"நீலக்குடத்துத் தண்ணியக் கொட்டிராதிய. அது வண்டிக்கு."