ஊமைக்கட்டு

அந்த ஆபீஸில் சித்தப்பா பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. ஒரே ஒரு ஆளைத் தவிர. அவருடைய சொந்த அண்ணன் மகள். முப்பத்திநாலு வயசு, எதைச் சொன்னாலும் ஏன், எதுக்கு, யார் சொன்னது என்று மல்லுக்கு நிற்பாள். அதனால் அவளுக்கு வக்கீல் என்றே பெயர் விழுந்துவிட்டது. படித்ததென்னவோ கம்ப்யூட்டர். படிக்க வைத்தவர் சித்தப்பா. அதை மாதத்துக்கு இரண்டு தரமாவது சொல்லிக் காட்டாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

டயர் கடைக்கு மேலே மூன்று அறை. கீழே நாள் முழுக்கக் காற்றடிக்கிற சத்தம், மேலே எட்டு மேசை, கறுப்பாய்ப் போன ஒரு டீ கெட்டில். இங்கே செய்வது இணைய மன்றங்களுக்கான மென்பொருள். மீன்தொட்டி வைத்திருப்பவர்கள், பழைய ரேடியோவைப் பிரித்து மாட்டுபவர்கள், இரட்டைப் பிள்ளை பெற்றவர்கள் என்று நாலு பேர் கூடிப் பேச ஓர் இடம் வேண்டுமென்றால் இவர்களுடைய மென்பொருளைப் போட்டுக்கொள்வார்கள். அப்படி இரண்டாயிரத்துச் சொச்சம் மன்றங்கள்.

கூட்டம் கூடினால் குப்பையும் கூடும். விளம்பரம் போடுகிறவன் ஒருவன், வேண்டுமென்றே வம்பிழுக்கிறவன் ஒருவன். இதையெல்லாம் பார்த்துக் கூட்டித் தள்ள ஓர் ஏ.ஐ. நிர்வாகியை ஆறு மாதமாக எழுதிக்கொண்டிருந்தாள் வக்கீல். ஆபீஸில் அதற்கு மேஸ்திரி என்று பெயர். ஆயிரம் பதிவை ஒரு நிமிஷத்தில் படித்து இது நல்லது, இது குப்பை என்று பிரித்துவிடும். கெட்டிக்கார மேஸ்திரிதான், அதில் சந்தேகமில்லை.

மேஸ்திரியின் கையில் அவள் கொடுத்த ஆயுதங்களில் ஒன்று ஊமைக்கட்டு. வம்புக்காரனைத் துரத்தினால் வேறு பெயரில் திரும்பி வருவான். துரத்தாமல், அவன் எழுதுவதை அவனுக்கு மட்டும் காட்டி மற்றவர்களுக்கு மறைத்துவிட்டால்? தன் பதிவு அங்கேயே இருக்கிறது என்று நினைத்து அவன்பாட்டுக்குச் சுவரோடு பேசிக்கொண்டிருப்பான். இதை எழுதி முடித்த அன்று சித்தியைக் கட்டிப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள் வக்கீல். சித்திதான் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து வாடிக்கையாளர் போனையெல்லாம் எடுப்பவள். "அடி கழுதை, இடுப்பு பிடிச்சுக்கும் விடுடி" என்று சிரித்தாள். அன்றைய சந்தோஷத்தைச் சொல்லாமல் மறைத்தால் இந்தக் கதை பொய்யாகிவிடும்.

சண்டை வந்தது வெள்ளிக்கிழமை. மேஸ்திரி எதை மறைத்தாலும், மன்றத்தை நடத்துகிறவர் பார்த்து 'சரி' என்று தட்டினால்தான் மறைய வேண்டும் என்றாள் அவள்.

"பாப்பா, தட்டுறதுக்கு ஆள் வேணும்னா அப்புறம் மேஸ்திரி எதுக்கு? அலங்காரத்துக்கா?" என்றார் சித்தப்பா.

"அது தப்புப் பண்ணும் சித்தப்பா."

"மனுஷன் பண்ண மாட்டானா?"

"மனுஷன் பண்ணினா யார்கிட்ட சண்டை போடணும்னு தெரியும்."

"ஆரம்பிச்சுட்டா வக்கீலு" என்று எழுந்து போய்விட்டார். பேச்சு முடிந்தது என்று அவள் நினைத்தாள். எத்தனை வெகுளி பாருங்கள்!

புதன்கிழமை காலை பத்து மணிக்கு அவள் மேசையில் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்தார் சித்தப்பா. பதினோரு மணிக்குப் பெரிய மன்றக்காரர்கள் நான்கு பேர் வீடியோவில் வருகிறார்கள். அவர்களுக்குக் காட்ட வேண்டிய விவரம். 'நிஜ மன்றத்தில் மூன்று நாள் சோதனை. ஆள் தலையீடு இல்லை. அறுபத்தைந்து குப்பைப் பதிவுகள் மறைப்பு. புகார் ஒன்றுகூட இல்லை.'

"நிஜ மன்றத்துலயா? என்கிட்ட கேட்காமலா?"

"ரொம்பச் சின்ன மன்றம்மா. ஒரு நாளைக்கு முப்பது பதிவு தேறாது. யாருக்கு என்ன நஷ்டம்?"

அவள் மேஸ்திரியின் குறிப்பேட்டைத் திறந்தாள். மறைத்த அறுபத்தைந்தும் வரிசையாக வந்தன. எல்லாவற்றிலும் ஒரே ஒரு வார்த்தை. எழுந்துட்டேன். எழுந்துட்டேன். எழுந்துட்டேன். பக்கத்திலேயே மேஸ்திரி தன் காரணத்தையும் எழுதியிருந்தது: தினமும் ஒரே நேரம், ஒரே சொல், பதில் போடுவோர் யாருமில்லை, இயந்திரம் போடும் குப்பை.

இது என்ன கூத்து என்று அந்த மன்றத்தின் முகப்புக்குப் போனாள். வலிப்பு நோய் உள்ளவர்களின் மன்றம். முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் அவர்களுடைய வழக்கம் இருந்தது. தனியாக இருப்பவர்கள் காலை எட்டு மணிக்குள் 'எழுந்துட்டேன்' என்று போட வேண்டும். யாரும் பதில் போட்டு இடத்தை அடைக்கக் கூடாது. எட்டரைக்குள் யாருடைய பதிவு இல்லையோ, அவருக்கு போன் போகும். எடுக்காவிட்டால் மாற்றுச் சாவி வைத்திருக்கிற அக்கம்பக்கத்து வீட்டாருக்குப் போன் போகும்.

மேஸ்திரி மூன்று நாளாக அந்த வார்த்தையை ஊமைக்கட்டில் போட்டிருக்கிறது. போட்டவருக்குத் தெரியும். பார்க்க வேண்டியவருக்குத் தெரியாது.

எண்ணினாள். திங்கள் இருபத்திரண்டு. செவ்வாய் இருபத்திரண்டு. இன்றைக்கு இருபத்தொன்று.

இன்றைக்கு ஒருவர் குறைகிறார்.

பெயர்களை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தாள். மன்றத்தில் 'வாட்ச்காரர்' என்று எழுதுகிற ஆள், கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர், இன்று போடவே இல்லை. மணி பத்து பன்னிரண்டு.

மன்றத்தை நடத்துபவர் ஒரு தையல்காரம்மா. எண் பதிவேட்டில் இருந்தது. மூன்றாவது மணியில் எடுத்தார்; பின்னால் தையல் மெஷின் ஓடி நின்றது.

"அம்மா, நான் மன்ற மென்பொருள் ஆபீஸ்லேர்ந்து பேசறேன். இன்னிக்கு எட்டரைக்கு யாருக்காவது போன் போட்டீங்களா?"

"அதை ஏன்மா கேக்கற! திங்கக்கிழமை ஒருத்தர் பதிவும் காணோம். பதறிப் போயி இருபத்திரண்டு பேருக்கும் போன் போட்டேன். எல்லாரும் 'போட்டிருக்கேனே, கண்ணாடியை மாத்துங்க'ன்னு கிண்டல் பண்றாங்க. நேத்தும் அதே கதை. உங்க ஆபீஸ்லயும் சொன்னேன்மா. ஒரு அம்மா, பிரவுசர்ல என்னமோ அழிங்கன்னாங்க, அழிச்சேன். இன்னிக்கும் காலியா இருந்துச்சு. சரி, கம்ப்யூட்டர் கோளாறு, எல்லாரும் நல்லாத்தான் இருப்பாங்கன்னு..."

"விட்டுட்டீங்களா?"

"விட்டுட்டேன்."

"அம்மா, மத்தவங்க எல்லாரும் போட்டிருக்காங்க, எங்களுக்குத் தெரியுது. வாட்ச்காரர் மட்டும் போடல. அவர் மட்டும்தான் போடல."

"ஐயோ" என்று ஒரு குரல், இணைப்பு அறுந்தது.

அடுத்த பதினேழு நிமிஷம் வக்கீலுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சித்தி வந்து தோளைத் தொட்டாள். "நான்தான்டி அந்தம்மாவை அழிக்கச் சொன்னேன். எல்லாருக்கும் சொல்ற மாதிரியே சொல்லிட்டேன்" என்று முணுமுணுத்தாள். கீழே யாருடைய டயருக்கோ காற்று ஏறிக்கொண்டிருந்தது. கடவுளே, கடவுளே என்று வக்கீலின் வாய் சொல்லிற்று. அவளுக்குக் கடவுளோடு பெரிய பழக்கமெல்லாம் இல்லை.

போன் வந்தது. மாடி வீட்டு ஆள் சாவி போட்டுத் திறந்திருக்கிறார். வாட்ச்காரர் அடுப்படியில் கவிழ்ந்து கிடந்தாராம். வலது கை உடம்புக்கு அடியில் மாட்டி மரத்துப் போய், நெற்றி பிளந்து, கூப்பிடத் தெம்பில்லாமல். காலை ஏழிலிருந்து அப்படியே. மூச்சு இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறார்கள்.

"வேலை செய்யற கைம்மா அது" என்று தையல்காரம்மா அழுதார். "விரல் அசையலைங்கறாங்க. நான் ஒரு போன் போட்டிருந்தா..."

"நீங்க இல்லம்மா. நாங்க" என்றாள் வக்கீல்.

உடனே சோதனையை நிறுத்திவிட்டு சித்தப்பாவிடம் போனாள். அவர் சட்டையை மாற்றி, தலை வாரி, காமிராவுக்கு முன் உட்கார்ந்திருந்தார். நடந்ததையெல்லாம் சொன்னாள். அவர் முகம் ஒரு கணம் வெளுத்தது. இல்லையென்று சொல்லக் கூடாது. அப்புறம் தொண்டையைச் செருமினார்.

"ஆள் உயிரோட இருக்காரில்ல? ஆஸ்பத்திரிக்கு நானே போய்ப் பார்க்கறேன். ஆனா இது ஆறு மாச உழைப்பு பாப்பா. இந்த நாலு பேரோட மன்றங்கள்லயும் சேர்த்து ஆறு லட்சம் ஆளுங்க. இப்போ வாயைத் திறக்காதே."

"அந்த ஆறு லட்சத்துல எத்தனை வாட்ச்காரர் இருக்காங்க சித்தப்பா?"

"உன்னைப் படிக்க வச்சதுக்கு நல்ல மரியாதை!"

"படிக்க வச்சீங்க. அதனாலதான் குறிப்பேட்டைப் படிச்சேன். ஊமைக்கட்டை இனிமே யாருக்கும் தர மாட்டேன். எழுதினவ நான், நானே எடுத்துட்டேன்."

"யாரைக் கேட்டு?" என்று அவர் எழுந்தபோது திரையில் நான்கு முகங்கள் வந்துவிட்டன. சட்டென்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். அவள் போகவில்லை, பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

சித்தப்பா வழக்கம்போல் நன்றாகத்தான் பேசினார். மூன்று நாள், அறுபத்தைந்து பதிவு. "புகார் ஒண்ணுகூட இல்லை" என்று காகிதத்தைத் தூக்கிக் காட்டினார். நான்கு தலைகளும் மெச்சி ஆடின.

"புகார் எப்படி வரும்?" என்றாள் வக்கீல். "மறைச்சது மறைஞ்சவங்களுக்கே தெரியாதே! வந்த ஒண்ணையும் பிரவுசர் கோளாறுன்னு தள்ளிட்டோம். இன்னிக்குக் காலையில ஒரு மனுஷன் மூணு மணி நேரத்துக்கு மேல தரையில கிடந்திருக்கார். அவரைத் தேட வேண்டியவங்களை நாங்க குருடாக்கி வச்சிருந்தோம். அறுபத்தஞ்சும்..."

திரையில் ஒருவர் காதைத் தொட்டுக் காட்டினார். இன்னொரு அம்மாள் உதட்டைப் பிதுக்கினார். கேட்கவில்லை. குனிந்து பார்த்தாள். சித்தப்பாவின் விரல் கீபோர்டின் மேல் இருந்தது. மைக் படத்தின் மேல் சிவப்புக் கோடு விழுந்திருந்தது. அவர் திரையைப் பார்த்துச் சிரித்தபடியே இருந்தார்.

வந்ததே கோபம் அவளுக்கு! கத்தினால் யாருக்குக் கேட்கும்? அவர் கையிலிருந்த காகிதத்தை வெடுக்கென்று பிடுங்கினாள். பின்பக்கம் திருப்பி, தடித்த பேனாவால் எழுதினாள்: 'என் மைக்கை அணைத்துவிட்டார்கள். மேஸ்திரியை எழுதியவள் நான். உண்மை வேண்டுமென்றால் கூப்பிடுங்கள்.' கீழே தன் எண். காமிராவுக்கு நேரே, நான்கு பேரும் படித்து முடிக்கும்வரை பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நாளைக்கு இந்தப் படியேறாதே நீ" என்றார் சித்தப்பா பல்லைக் கடித்துக்கொண்டு.

"வருவேன் சித்தப்பா. துரத்தணும்னா எல்லாரும் பார்க்க, சத்தம் போட்டுத் துரத்துங்க."

திரையில் ஒருவர் போனைக் காதில் வைத்தார்; அவள் போன் அடித்தது. சித்தி கதவருகே வந்து நின்றாள். வக்கீல் ஒலிபெருக்கியைப் போட்டு, சித்தப்பாவுக்கு முன்னாலேயே மேசையின் மேல் போனை வைத்தாள்.

"கேளுங்க," என்றாள். "முதல் தப்பு என்னுது. அதுலேர்ந்தே சொல்றேன்."