தூக்கத்துக்கு ஒரு சாட்சி

ரொட்டிக்காரர் மொட்டை மாடியில் ஒரு பழைய ரப்பர் குழாயை இழுத்துக்கொண்டிருந்தார். உள்ளே ஈர மணலை அடைத்து இரண்டு முனையையும் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார். தண்ணீர்த் தொட்டியிலிருந்து கைப்பிடிச் சுவர் வரை இழுப்பார், இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்குவார், திரும்ப இழுத்து வருவார்.

துணி காயப்போட வந்த மேல்வீட்டுத் தையல்காரர் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார்.

"என்ன அண்ணே, மலைப்பாம்பப் பழக்குறீங்களா?"

"டேங்கர் லாரிக்குப் போகப்போறேன் தம்பி. பெட்ரோல் எறக்குற ஹோஸ் இதவிட கனமாம்."

"அதுக்கு கிளீனர் இருப்பாரே?"

"இப்பல்லாம் டிரைவர் மட்டும்தான். எல்லாம் ஒத்த ஆளு."

தையல்காரர் சிரித்துவிட்டு இறங்கிப் போனார். அன்றைக்கு ரொட்டிக்காரர் இன்னொரு மனிதரோடு பேசியது அவ்வளவுதான். மற்றபடி அவர் வாயைத் திறப்பது சாப்பிடுவதற்கு மட்டும்.

ரொட்டிக் கம்பெனியை மூடிவிட்டார்கள். அவர் ஓட்டிய வேன் போனது, ரொட்டிக்காரர் என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. ரொட்டித் தட்டைத் தூக்கி யாருக்கும் புஜம் வந்ததில்லை. தின்றால் தொப்பை வரும். அது வந்திருந்தது. இந்த வயதில் இனி யார் நம்பி ஸ்டீயரிங்கைக் கொடுப்பார்கள் என்று அவர் கலங்கிப்போயிருந்த நேரத்தில்தான் பெட்ரோல் டிப்போ மேனேஜர் கூப்பிட்டார். அந்த மனிதர் எதையும் மறைக்கவில்லை. டேங்க் மேல் ஏணியில் ஏற வேண்டும், மூடியைத் திறந்து அளவுகோலை விட்டுப் பார்க்க வேண்டும், ஹோஸை இழுத்து மாட்ட வேண்டும், இறக்கி முடித்ததும் தோளில் தூக்கி நடந்து உள்ளே நிற்கும் மிச்சத்தையும் வடிக்க வேண்டும்.

"மாசக் கடைசிக்குள்ள டாக்டர் கையெழுத்தோட வாங்க. இல்லேன்னா அடுத்த ஆளக் கூப்பிட்டுருவேன்," என்றார் மேனேஜர்.

அதனால் சர்க்கரையை விட்டார். தொட்டியின் இரும்பு ஏணியில் ஏறி இறங்கினார். முதல் நாள் முட்டி பேசியது, பிறகு அடங்கியது. சட்டைப் பொத்தான் சிரமமில்லாமல் மாட்டிய காலையில் அவருக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. கண்ணாடியைத் தவிர காட்டுவதற்கு ஆள் இல்லை.

மனைவி தன் அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சில வருஷம் ஆகிறது. பெரிய சண்டை ஒன்றும் கிடையாது. சண்டை என்றால் சமாதானமாவது ஆகியிருக்கலாம். இருவருக்கும் அலுத்துவிட்டது, போனவள் வரவில்லை, இவரும் கூப்பிடவில்லை.

டாக்டர் கண் பார்த்தார், ரத்த அழுத்தம் பார்த்தார், படியில் ஏறி இறங்கச் சொன்னார். எல்லாம் நன்றாகவே இருந்தது. கடைசியில் கழுத்தைச் சுற்றி அளவு நாடாவைப் பிடித்தார்.

"கழுத்து பெருசா இருக்கே. குறட்டை விடுவீங்களா?"

எந்த டிரைவராக இருந்தாலும் 'இல்லை' என்று தாண்டிப் போயிருப்பார். இந்த மனுஷன் யோசித்தார். யோசித்ததுதான் வினை.

"தெரியலீங்க சார்."

"தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வந்தா, பகல்ல வண்டியிலயே கண்ணு சொக்கும். பின்னாடி இருக்கறது பெட்ரோல். கூடப் படுக்கறவங்களக் கேட்டுச் சொல்லுங்க."

"கூட யாரும் இல்ல சார்."

"முன்னாடி இருந்தாங்கல்ல? வெளிய உக்காந்து ஒரு போன் போடுங்க."

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து போட்டார்.

"என்ன, உடம்புக்கு ஏதும் ஆயிடுச்சா?" என்றாள் மனைவி, எடுத்ததுமே.

"அதெல்லாம் இல்ல. ஒண்ணு கேக்கணும். நான் தூக்கத்துல குறட்டை விடுவேனா?"

அவள் சிரித்தாள். "இதக் கேக்கவா இத்தனை வருஷம் கழிச்சு?"

விஷயத்தைச் சொன்னார்.

"விடுவீங்க. அது கேட்டுட்டே இருந்தா நான் தூங்கிருவேன். நடுவுல நின்னுபோகும் பாருங்க, அப்பத்தான் முழிச்சுக்குவேன். மறுபடி மூச்சு வர்ற வரைக்கும் உங்க நெஞ்சுல கைய வச்சிட்டுப் படுத்திருப்பேன்."

"எழுப்பியிருக்கலாமே."

"விடியறதுக்குள்ள ரொட்டி எடுக்கப் போகணுமே நீங்க. பாவம்னு விட்டுருவேன்."

காலையில் எழ முடியாமல் கிடந்தவளை அவர் தூங்குமூஞ்சி என்றுதான் கூப்பிடுவார். கடைசி வரைக்கும் அப்படியே கூப்பிட்டார்.

"வேலைக்கு இடைஞ்சல்னா இல்லேன்னே சொல்லிடுங்க," என்றாள். "என்கிட்ட கேட்டாலும் அப்படியே சொல்றேன்." அங்கே யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். வைத்துவிட்டாள்.

இல்லை என்றால் வேலை கிடைக்கும். ஆனால் அவர் நெஞ்சில் அவள் கை வைத்துக் கிடந்ததெல்லாமும் இல்லை என்றாகிவிடும். அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. உள்ளே போனார்.

"விடுவேனாம் சார். நடுவுல மூச்சு நின்னுடுமாம்."

டாக்டர் பேனாவை மூடினார். "அப்ப பெரிய ஆஸ்பத்திரியில ஒரு ராத்திரி தூங்க வச்சு மூச்சப் பாக்கணும். அதுக்கு நாளாகும். அதுவரைக்கும் நான் கையெழுத்துப் போட முடியாது."

டிப்போ காத்திருக்காது என்று அவருக்குத் தெரியும். "சரிங்க சார்."

டாக்டருக்கே மனசு கேட்கவில்லை. "நல்லாத் தெரிஞ்சுதான் சொன்னாங்களா? எப்பவோ ஒரு நாள் பாத்ததா இருக்கப் போகுது."

"இல்லீங்க சார்," என்றார் ரொட்டிக்காரர். "தினமும் முழிச்சிருந்தாளாம்."