இலை மடிக்கிற கை

தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை போகும் சாலையில் இருந்த இருதயம் மெஸ்ஸுக்கு ஒழுங்கான பலகைகூடக் கிடையாது. மழையில் முதல் இரண்டு எழுத்தும் கரைந்துபோய் ‘தயம் மெஸ்’ என்றே பல வருஷம் நின்றது. அதனால் யாரும் வழி தவறியதில்லை. பகல் சாப்பாடு மட்டும்தான். மல்லிப்பட்டினத்து மீன் தீர்ந்தால் கடையும் தீர்ந்தது. எல்சி அடுப்படியில் இருப்பாள். அவள் புருஷன் இருதயசாமி இலை போட்டுப் பரிமாறுவார்.

“இன்ஸ்டாவுல ஒரு பேஜ் போட்டா போதும்ப்பா. சென்னையிலேருந்து கார்ல வருவாங்க” என்று மகன் கிளமென்ட் லீவுக்கு வரும்போதெல்லாம் ஆரம்பிப்பான்.

“கார்ல வரவனுக்கு மீனு எங்கேருந்துடா குடுப்ப? இன்ஸ்டாவுல வலை போட்டுப் புடிப்பியா?”

“ஊருக்கே தெரியாம எதுக்குப்பா இவ்வளவு நல்லா சமைக்கணும்?”

“உங்கம்மா சமைக்கிறது திங்கிறவனுக்கு. பாக்குறவனுக்கு இல்ல.”

அடுப்படியில் இருந்த எல்சி சிரித்துக்கொண்டாள். அந்த ஒரு வார்த்தைக்காக அன்று அவருக்கு வஞ்சிரத்தின் நடுத்துண்டை எடுத்து வைத்தாள்.

சுவரோரத்து மூலை தங்கையனுடைய இடம். அவரும் இருதயசாமியும் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. தங்கையனின் அப்பா பண்ணையாளாக இருந்தவர்; இலை போட்டு உட்காரவைத்து அவருக்கு யாரும் சோறு போட்டதில்லை. தங்கையனுக்கு இப்போது சொந்த நிலம், சொந்த போர்செட். கூடவே சர்க்கரையும். இடது காலில் ஒரு விரலை எடுத்தாயிற்று. வீட்டில் மனைவி செவ்வந்தி சொன்னால் கேட்கமாட்டார். அதனால் மெஸ்ஸில் இருதயசாமி அளந்துதான் போடுவார்: குழம்புக்கு ஒரு கரண்டிச் சோறு, ரசத்துக்கு அரைக் கரண்டி. மோருக்கு அவர் நிமிர்ந்து பார்க்கும்போது இருதயசாமி எட்டிக் குனிந்து அவர் இலையைத் தானே மடித்துவிடுவார்.

“பிச்சைக்காரனுக்குக்கூட இப்புடிப் பண்ண மாட்டாங்கடா.”

“பிச்சைக்காரனுக்குப் பத்து வெரலு இருக்கு. எந்திரி.”

இருவருக்கும் மட்டும் கேட்கிற குரலில்தான் இது நடக்கும். உண்கிறவன் இலையை இன்னொருவன் மடித்தால் இந்தப் பக்கம் வெட்டுக்குத்து ஆகிவிடும். அந்த ஒரு கைக்கு மட்டும் தங்கையன் இடம் கொடுத்திருந்தார்.

கிளமென்ட் ஒரு நாள் அதைச் சொல்லாமல் படம் பிடித்துப் போட்டான். தங்கையன் முகம் அதில் இல்லை. ஓர் இலை, ஒரு கை, “எந்திரி” என்ற குரல். ஒரே வாரத்தில் வாசலில் கார்கள் நின்றன. “இலை மடிக்கிற தாத்தா எங்க?” என்று கேட்டுக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

முதலில் மகனைத் திட்டித் தீர்த்தார் இருதயசாமி. பிறகு ஒரு நாள் பின்கட்டில் தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் நின்று தன் வீடியோவைத் தானே பார்த்துக்கொண்டிருந்ததை எல்சி பார்த்தாள். முடிந்ததும் மறுபடி போட்டார். அடுத்த வாரம் மீசைக்கு மை வந்தது. கேட்டவர் இலையெல்லாம் மடித்தார். வழக்கமாகச் சாப்பிட வரும் லோடுமேன்களும் பஸ் டிரைவர்களும் வரிசையில் நின்று பார்த்துவிட்டு வேறு கடைக்குப் போனார்கள்.

“சாப்புட வரவங்க இலைய மடிக்கிறது எனக்குப் புடிக்கலங்க” என்றாள் எல்சி.

“அதுக்குத்தானே வரானுங்க. பின்ன ஒன் கொழம்புக்கா வரானுங்க?”

அவள் கரண்டியைக் கழுவப் போய்விட்டாள்.

ஒரு நாள் மைக்கும் விளக்குமாக ஓர் இளைஞன் வந்தான். தங்கையன் மூலையில் உட்கார்ந்து, முதல் சோற்றைப் பிசைந்து இன்னும் வாயில் வைக்கவில்லை. யாரோ அவரைக் கை காட்டிவிட்டார்கள்.

“ஒரிஜினல் வீடியோல இருந்தது இவருதானா? சூப்பர். ஒருவாட்டி மடிங்க தாத்தா. இந்தப் பக்கமா வந்து நில்லுங்க, மொகம் தெரியல.”

இருதயசாமி தங்கையனுக்குப் பின்னால் போய் நின்றார். கேமராவைப் பார்த்தார், தங்கையனைப் பார்க்கவில்லை. தோளுக்கு மேல் கையை நீட்டி, பிசைந்த சோற்றோடு இலையை மடித்தார்.

“வெரலத் தின்னது பத்தாதா? சோறு வேற கேக்குதா ஒனக்கு?”

கடை முழுக்கச் சிரித்தது. “கால கொஞ்சம் காட்டுங்கய்யா” என்றான் மைக் பிடித்தவன்.

எல்சி அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். நல்ல நாளில் இலையைச் சாப்பிட்டவர் பக்கம் மடிப்பார்கள். எழவு வீட்டில் எதிர்ப்பக்கமாக மடிப்பார்கள். பின்னால் நின்று மடித்ததில் இலை எதிர்ப்பக்கமாகப் போயிருந்தது. தங்கையன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையைக் கழுவிவிட்டு, யாரையும் பார்க்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

அந்த வீடியோவை லட்சம் பேர் பார்த்தார்கள். தங்கையன் ஊர் டீக்கடையில் அவருக்கு ‘வெரலு’ என்று பேர் வைத்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வண்டிக்குப் பின்னால் அதைச் சொல்லிக்கொண்டு ஓடின.

இருதயசாமி கேரியரில் மீன்குழம்பை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார். செவ்வந்தி வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

“அவரு வயல்ல இருக்காரு. கேமராக்காரத் தம்பி வல்லீங்களா?”

“இல்ல தங்கச்சி, நான் மட்டுந்தான். இத ஒரு இலையில போட்டு அவன…”

“எங்க வீட்டுல இலையெல்லாம் இல்லீங்க. நாங்க தட்டுலதான் திங்கிறோம். அதை மடிக்க முடியாது.”

இருதயசாமி திரும்பி வந்து எல்சியிடம் இதைச் சொல்லிவிட்டுக் கேரியரை நீட்டினார். போன கனத்திலேயே அது திரும்பி வந்திருந்தது.

அதற்குப் பிறகு அவர் யார் இலையையும் மடிக்கவில்லை. வந்தவர்கள் கோபித்துக்கொண்டார்கள். ‘தாத்தா மடிக்கவே இல்லை. ஏமாத்து வேலை. ஒரு ஸ்டார்’ என்று எழுதினார்கள். “ஒரு நாளைக்கு நாலு இலையாவது மடிங்கப்பா” என்று கிளமென்ட் போனில் கெஞ்சினான். அவர் போனை எல்சியிடம் கொடுத்தார். மை போன மீசை நரைத்துக்கொண்டு வந்தது. புரட்டாசியில் ஒரு நாள், மல்லிப்பட்டினத்தில் மீன் ஏலம் நடந்துகொண்டிருக்கும்போது கூடையோரம் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

கோயிலுக்கும் கல்லறைக்கும் ஊரே வந்தது. தங்கையன் வரவில்லை. கிளமென்ட் பேஜில் படம் போட்டுச் செய்தி சொன்னான். ‘ஆண்டவர் தாத்தா இலையை மடிச்சிட்டார்’ என்று யாரோ எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே வரிசையாகச் சிரிக்கிற முகங்கள்.

எல்சி கடையை மறுபடி திறந்த அன்று தங்கையன் வந்தார். கால் கட்டு பெரிதாகியிருந்தது. மூலையில் உட்கார்ந்தார். அவள் இலை போட்டாள். குழம்புச் சோறு ஆயிற்று. மறுபடி கேட்டார், போட்டாள். ரசத்துக்கு இரண்டு கரண்டி கேட்டார்.

மோருக்குச் சோறு கேட்டபோது அவள் கை நின்றது.

“போதும்ண்ணே. காலப் பாருங்க.”

அவர் இலையைத் தள்ளவில்லை. எல்சி குனிந்து இலையின் ஓரத்தைத் தொட்டாள். அவர் பக்கமாக மடிக்கத்தான் தொட்டாள்.

“இருங்க தங்கச்சி” என்றார் தங்கையன், நிமிராமலே. “அந்தத் தம்பி போன எடுக்கட்டும்.”

பக்கத்து மேஜையில் ஒருவன் உண்மையாகவே போனைத் தூக்கிப் பிடித்திருந்தான்.

எல்சி கையை எடுத்தாள். சோற்றைப் போட்டாள். தங்கையன் இன்னும் என்பதுபோல் விரலை அசைத்தார், இன்னும் போட்டாள். அவர் சோற்றின் நடுவில் மோருக்குக் குழி செய்துவிட்டுக் காத்திருந்தார். அவள் ஊற்றினாள்.